பூஜ்யம் புள்ளி ஒன்று

சுப்பராயலுவுக்கு ஒரு குட்டிக்கரணம்கூடப் போடத் தெரியாது. ஆனால் குட்டிக்கரணத்துக்கு எத்தனை மதிப்பெண் என்ற சந்தேகம் சிதம்பரத்தில் யாருக்கு வந்தாலும் அவருடைய கடைக்குத்தான் வருவார்கள். கடை என்றால் ஜெராக்ஸ் கடை. அண்ணாமலை நகரில் மாணவர் லாட்ஜுகளுக்கு நடுவில், ஆய்வேடுகளைப் பிரதி எடுத்து, கறுப்பு அட்டை போட்டுத் தைத்து, முதுகில் பொன்னெழுத்தில் பெயர் அச்சிட்டுக் கொடுப்பார். வாங்கிக்கொண்டு போகிறவர்களே முழுதாகப் படிக்காத ஆய்வேடுகளையெல்லாம் அவர் படித்திருந்தார். இயந்திரத்திலிருந்து ஒவ்வொரு தாளாக வெளியே வரும்போது வேறு என்னதான் செய்வது?

2009ஆம் வருஷம் பொங்கல் கழிந்ததும் ராஜ்கமல் ஒரு தடித்த தாள்கட்டைக் கொண்டுவந்து மூன்று பிரதி கேட்டான். ராஜ்கமல், சுப்பராயலுவின் மனைவிக்குக் கூடப்பிறந்த தம்பி. சிதம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். ஜிம்னாஸ்டிக்ஸில் மாநில அளவு வரைக்கும் போய், முழங்காலைக் கெடுத்துக்கொண்டு திரும்பியவன். சுப்பராயலுவின் ஒரே மகள் சினேகாவுக்கு எட்டு வயதிலிருந்து அவன்தான் பயிற்சி. அவன் கொண்டுவந்த கட்டு, பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸுக்கு உலக அளவில் அமலுக்கு வந்திருந்த புதிய மதிப்பெண் விதிகள். மூன்று பிரதி எடுத்து முடிப்பதற்குள் சுப்பராயலு முதல் முப்பது பக்கத்தைப் படித்துவிட்டார். நான்காவதாக ஒரு பிரதி எடுத்துத் தனக்கென்று வைத்துக்கொண்டார். வினை அன்றைக்குத்தான் தொடங்கியது.

பழைய காலத்தில் பத்துக்குப் பத்து என்று இருந்தது. அது யாருக்கும் புரியும். 2006இல் அதைத் தூக்கிவிட்டு மதிப்பெண்ணை இரண்டாகப் பிரித்தார்கள். என்னென்ன வித்தை செய்தாய் என்பதற்கு ஒன்று, எவ்வளவு சுத்தமாகச் செய்தாய் என்பதற்கு ஒன்று. முதலாவது பூஜ்யத்தில் தொடங்கி மேலே ஏறும். இரண்டாவது பத்தில் தொடங்கிக் கீழே இறங்கும். இரண்டையும் கூட்டினால் மதிப்பெண். ஒவ்வொரு தாவலுக்கும் பல்டிக்கும் பூஜ்யம் புள்ளி ஒன்று, இரண்டு, மூன்று என்று மதிப்பு போட்டிருக்கிறார்கள். சில வித்தைகளை நடுவில் நிற்காமல் சேர்த்துச் செய்தால் கூடுதலாகப் பூஜ்யம் புள்ளி ஒன்று உண்டு. ஒரே வித்தையை இரண்டு முறை செய்தால் இரண்டாவதற்கு ஒன்றும் கிடையாது. கீழே விழுந்தால் முழுசாக ஒரு மதிப்பெண் போய்விடும்.

இதையெல்லாம் ராஜ்கமல் தேவைப்பட்டபோது புரட்டிப் பார்த்துக்கொண்டான். சுப்பராயலு கரைத்தே குடித்துவிட்டார். பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இரண்டு பெண்கள் புள்ளிக்குப் பின்னால் மூன்றாம் இலக்கம் வரைக்கும் ஒரே மதிப்பெண் எடுத்தும், ஒருத்திக்கு மட்டும் தங்கம் போனது ஏன் என்று, பிரதி எடுக்க வந்த ஆராய்ச்சி மாணவர்களுக்கு அரைமணி நேரம் விளக்குவார். பாவம், அவர்கள் பஸ்ஸுக்குப் போகிற அவசரத்தில் இருப்பார்கள். நடுவர்கள் தாளில் வித்தைகளைச் சுருக்கெழுத்துப் போலக் கிறுக்குவார்களே, அந்தக் குறிகளையும் கற்றுக்கொண்டார். கூடிய சீக்கிரத்தில் சினேகா என்ன செய்ய வேண்டும் என்பதை அவர்தான் தீர்மானித்தார். பீம் என்கிற ஒடுக்கமான உத்தரக் கட்டையின்மேல் எட்டு வித்தை, எந்த வரிசையில், எதற்குப் பின் எது வந்தால் பத்தில் ஒரு பங்கு கூடும் என்று தாளில் போட்டுக் கொடுப்பார். ராஜ்கமல் அதைப் பார்த்துத் தலையைச் சொறிவான்.

"மாமா, இத தாள்ல போடறதுக்கு நல்லாத்தான் கீது. பீமு நாலு அங்குல அகலம் மாமா."

"முடியாதுன்னு அந்தப் புள்ள சொல்லுச்சா? நீ கத்துக் குடு மச்சான், அது செய்யும்."

சினேகா செய்தாள் என்பதுதான் விஷயம். விழுந்து எழுந்து, முழங்கையில் தோல் உரிந்து, ஆறு மாதமோ எட்டு மாதமோ கழித்து, தாளில் இருந்ததைப் பீமில் கொண்டுவந்து விடுவாள். அதனால் சுப்பராயலுவுக்குத் தன் தாள்மேல் இருந்த நம்பிக்கை கூடிக்கொண்டே போனது. அவர் நல்ல தகப்பன்தான். ஒரு போட்டியைக்கூடத் தவறவிட்டதில்லை. கடையைப் பூட்டிவிட்டு முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருப்பார், மடியில் அட்டை, அட்டையில் தாள், கையில் பென்சிலோடு.

2011இல் சினேகாவுக்குப் பதினாறு வயது, பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். அந்த வருஷ ஆகஸ்டில் கடலூரில் மாநில அணிக்கான தேர்வு வந்தது. வழக்கமாக ஆறு பேரை எடுப்பார்கள். அடுத்த வருஷம் லண்டன் ஒலிம்பிக்கில் அணிக்கு ஐந்தே பேர் என்று ஆனதைக் கேள்விப்பட்ட ஜிம்னாஸ்டிக்ஸ் சங்கத்துப் பெரிய மனிதர் ஒருவர், லண்டனுக்கு ஐந்து என்றால் நமக்கும் ஐந்துதான் என்று சுற்றறிக்கை விட்டுவிட்டார். லண்டனுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. ஐந்தாவதாக வருகிறவள் தேசியப் போட்டிக்கு ரயில் ஏறுவாள், அந்தச் சான்றிதழை வைத்து விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் கேட்பாள். ஆறாவதாக வருகிறவள் வீட்டுக்குப் போவாள். சினேகா ஆறாவது ஏழாவது என்று ஊசலாடிக்கொண்டிருந்தவள். பிளஸ் டூ வந்துவிட்டால் பயிற்சியை நிறுத்திவிட வேண்டும் என்று அவள் அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ஆக, அவளுக்கு இது ஒரே ஒரு வாய்ப்பு.

போட்டி மஞ்சக்குப்பத்தில் ஒரு உள்ளரங்கத்தில் நடந்தது. சுப்பராயலுவுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் அஞ்சம்மாள். சிங்காரத்தோப்பிலிருந்து வந்திருந்தாள், துறைமுகத்தில் மீன் எடுத்து விற்கிறவள். அவள் மகள் வினோதினி கடலூர்ப் பயிற்சி மையத்துப் பெண், சினேகாவுக்குச் சின்ன வயதிலிருந்தே போட்டிக் கூட்டாளி. சினேகா அஞ்சம்மாளை அத்தை என்றுதான் கூப்பிடுவாள். அஞ்சம்மாளுக்கு விதி ஒன்றும் தெரியாது. எந்தப் பெண் ஏறினாலும், யார் பெற்ற பிள்ளையாக இருந்தாலும், கண்ணைக் கொட்டாமல் பார்ப்பாள். அந்தப் பெண் இறங்கி நின்ற பிறகுதான் மூச்சு விடுவாள்.

மற்ற மூன்று பிரிவுகளும் முடிந்து கடைசியாகப் பீம் நடந்துகொண்டிருந்தது. வினோதினி முடித்துவிட்டாள், மொத்தம் 41.150. சினேகாவுக்குப் பிறகு ஏறவேண்டியவள் சென்னைப் பெண் மோகனப்பிரியா ஒருத்திதான். முதல் நான்கு இடங்களும் எட்டாத உயரத்தில் இருந்தன. மிச்சம் இருந்த ஐந்தாவது இடம் இந்த மூன்று பேரில் ஒருத்திக்கு.

சினேகா ஏறினாள். சுப்பராயலு தாளில் குனிந்தார். முதல் தாவல், நேராகக் காலை விரித்துத் தாவுவது. டிக். பின்பல்டி இரண்டு, நிற்காமல் சேர்த்து. டிக், பக்கத்தில் பூஜ்யம் புள்ளி ஒன்று. ஒற்றைக் காலில் சுழல் திருப்பம். அரங்கத்தில் எல்லாரும் ஒன்றாக 'ஸ்ஸ்' என்றார்கள். அவர் நிமிர்ந்தபோது சினேகா பீமின்மேல்தான் இருந்தாள், கைகள் அகன்றிருந்தன. விழவில்லை. நிம்மதியாக மறுபடி குனிந்து, செய்நேர்த்திப் பத்தியில் தடுமாற்றம் என்று எழுதி, அதற்கு எவ்வளவு கழிப்பார்கள் என்று யோசித்தார். அடுத்தது காலை மாற்றித் தாவல். முன்னால் வீசிய காலைக் காற்றிலேயே பின்னுக்கு இழுத்து விரிக்கிற தாவல், பூஜ்யம் புள்ளி மூன்று. தொம் என்று அவள் இறங்கிய சத்தம் கேட்டது. டிக்.

சினேகா குதித்து இறங்கிக் கையை உயர்த்தியதும் அஞ்சம்மாள் மூச்சை விட்டாள்.

"நல்லா செஞ்சிச்சு உங்க பொண்ணு. ஆடிப் போச்சேன்னு பாத்தேன், சமாளிச்சிக்கிச்சு. ஆனா ஏண்ணே, மொதல்ல தாவுன மாரியே தான ரெண்டாவதும் தாவுச்சு?"

"இல்லம்மா. மொதல்ல தாவுனது வேற. ரெண்டாவது கால மாத்தித் தாவறது. பாக்கறதுக்கு ஒரே மாரி இருக்கும், ரூல்ல வேற வேற." சுப்பராயலு தாளை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

அஞ்சம்மாள் தாளைப் பார்த்தாள். "எனக்கு இன்னாண்ணே தெரியும்" என்றாள்.

அவள் பார்த்ததுதான் நடந்தது. திருப்பத்தில் தடுமாறிய சினேகாவுக்குக் கால் பீமின் விளிம்புக்குப் போய்விட்டது. அங்கிருந்து காலை மாற்றித் தாவினால் நிச்சயம் கீழே விழுவாள், விழுந்தால் ஒரு மதிப்பெண் போகும். கண்ணிமைக்கிற நேரத்தில் அவள் முதல் தாவலையே மறுபடி போட்டுத் தப்பித்துக்கொண்டாள். பூஜ்யம் புள்ளி மூன்று போனால் போகிறது, விழுந்தால் போகிற முழு மதிப்பெண் மிஞ்சும். அதைப் பார்த்திருந்தால் சுப்பராயலுவே கைதட்டியிருப்பார், ஏனென்றால் அது அவர் போடுகிற கணக்கேதான். வித்தைகளை எண்ணுகிற இரண்டு நடுவர்களும் அந்த நேரம் தடுமாற்றத்தை எழுதக் குனிந்திருந்தார்கள். பீமின் தலைமாட்டில் நின்ற ராஜ்கமலுக்கு நேர்க்கோட்டில் கால் மாறியதா இல்லையா என்று தெரியவில்லை. பக்கவாட்டில் நின்ற வினோதினியின் பயிற்சியாளர் பார்த்தார். ஆனால் அடுத்தவர் பெண்ணின் மதிப்பெண்ணைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்பது விதி. அவரவர் பெண்ணுக்குத்தான் அவரவர் அப்பீல் கொடுக்கலாம். ஆகவே அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா நின்றார்.

மதிப்பெண் வந்தது. மொத்தம் 41.250. சினேகா ஐந்தாவது.

நடுவர்கள், அவள் எப்போதும் போடுகிற காலை மாற்றிய தாவல்தான் என்று எண்ணி, அதற்கான பூஜ்யம் புள்ளி மூன்றையும் சேர்த்தே போட்டிருந்தார்கள். அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. சுப்பராயலு தன் தாளைக் கூட்டிப் பார்த்தார். அவர் கணக்குக்கும் பலகையில் வந்ததற்கும் பூஜ்யம் புள்ளி ஒன்று இடித்தது. இரண்டு பின்பல்டிகளையும் சேர்த்துச் செய்ததற்கான கூடுதலை அவர்கள் போடவில்லை. மோகனப்பிரியா பீமில் 10.9 எடுத்தால் சினேகாவைத் தாண்டிவிடுவாள், சாதாரணமாக அவள் எடுப்பதே அவ்வளவுதான். இந்தப் பூஜ்யம் புள்ளி ஒன்று கிடைத்தால் அவள் பதினொன்று எடுத்தாக வேண்டும். அப்பீல் கொடுப்பதென்றால் அடுத்த பெண்ணின் மதிப்பெண் வருவதற்குள் கொடுத்தாக வேண்டும். மோகனப்பிரியா கையில் சுண்ணாம்புப் பொடி தடவிக்கொண்டிருந்தாள்.

சுப்பராயலு பெஞ்சிலிருந்து இறங்கித் தடுப்புக் கயிறு வரைக்கும் ஓடினார்.

"மச்சான், அப்பீல் குடு. கனெக்‌ஷன் போடல. பாயிண்ட் ஒன்னு வரணும்."

ராஜ்கமல் தயங்கினான். "அஞ்சாவதா கீறோம் மாமா. விட்டுடலாம்."

"அந்தப் பொண்ணு எறங்கனா ஆறாவது ஆயிடுவோம். ரூலு நம்ம பக்கம் இருக்குது."

சினேகா ராஜ்கமலுக்குப் பின்னால் நின்றிருந்தாள். தகப்பனைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று. நடுவர் மேசை பத்தடி தூரத்தில் இருந்தது, ஒரு வார்த்தை உரக்கச் சொன்னால் அங்கே கேட்கும்.

"வேணாம்ப்பா. விட்ருப்பா" என்றாள் மெதுவாக.

"நீ பயப்படாத. நான் பாத்துக்கறேன்."

"ப்பா, சொல்றத கேளு."

"சொல்றதுக்கு இது நேரமா? ஓடு மச்சான்."

அப்பீல் என்று வந்தால் கேட்டதை மட்டும் பார்க்க மாட்டார்கள், முழு ஆட்டத்தையும் முதலிலிருந்து எண்ணுவார்கள், கூடலாம், குறையவும் செய்யலாம் என்று சுப்பராயலுவுக்குத் தெரியும். எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதுகூடத் தெரியும். குறைவதற்கு ஒன்றுமில்லை என்று தாள் சொன்னது. விதியில் மாமாவோடு வாதாடி ராஜ்கமல் இதுவரைக்கும் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. அவன் மேசைக்குப் போனான். சினேகா தரையில் உட்கார்ந்து, கால்களைக் கட்டிக்கொண்டு, முகத்தை முழங்காலில் வைத்துக்கொண்டாள். சுப்பராயலு அதை அசதி என்று நினைத்தார்.

மோகனப்பிரியா ஏறினாள். மூன்றாவது வித்தையிலேயே விழுந்தாள். ஏறி, மறுபடியும் விழுந்தாள். இரண்டு முழு மதிப்பெண் அங்கேயே போனது. அவள் இனி ஒருவருக்கும் போட்டியில்லை. சுப்பராயலுவுக்கு ஒரு கணம் மனசு லேசானது. ஆனால் நடுவர் மேசையில், முக்காலிமேல் நிறுத்தியிருந்த வீடியோ கேமராவைச் சுற்றி மூன்று தலைகள் கூடியிருந்தன. ஒரு இடத்தை ஓட்டினார்கள். பின்னால் கொண்டுபோய் மறுபடி ஓட்டினார்கள். மூன்றாம் தடவை ஓட்டியபோது தலைமை நடுவர் ராமாமிர்தம் அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு ராஜ்கமலைக் கூப்பிட்டார்.

"நீங்க கேட்ட பாயிண்ட் ஒன் சரிதான் சார். எங்க தப்பு, குடுத்துட்டோம். ஆனா ரெண்டாவது லீப்பு மொத லீப்பேதான். கால் மாறல. ரிப்பீட்டுக்குக் கணக்கு கெடயாது. அந்த பாயிண்ட் த்ரீய எடுத்துட்டோம்."

பலகையில் எண் மாறியது. 41.050. வினோதினி ஐந்தாவது, சினேகா ஆறாவது. அந்த அரங்கத்தில் சினேகாவின் மதிப்பெண்ணைக் குறைக்க வைக்கும் உரிமை ஒரே ஒரு தரப்புக்குத்தான் இருந்தது. அந்தத் தரப்பு அதைப் பயன்படுத்திவிட்டது. வம்பை விலை கொடுத்து வாங்குவது என்பார்கள். இவர் கயிறு வரைக்கும் ஓடிப்போய் வாங்கினார்.

வினோதினி அழுதாள், அது சந்தோஷ அழுகை. சினேகா எழுந்துபோய் அவளைக் கட்டிக்கொண்டாள். அஞ்சம்மாளுக்கு என்ன நடந்தது என்று முழுசாகப் புரியவில்லை. தன் பெண் அணியில் இருக்கிறாள், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் பெண் இல்லை, அவ்வளவுதான் புரிந்தது.

"நான் ஏதும் தப்பா சொல்லிட்டனாண்ணே?" என்று வந்து கேட்டாள்.

"இல்லம்மா. நீங்க சரியாத்தான் சொன்னீங்க" என்றார் சுப்பராயலு.

சிதம்பரம் போகிற பஸ்ஸில் மூன்று பேருக்கும் இடம் கிடைத்தது. மதியம் இரண்டு மணி வெயில். ராஜ்கமல் முன்னால் போய் டிரைவருக்குப் பின் இருக்கையில் தனியாக உட்கார்ந்துகொண்டான். சினேகா ஜன்னலோரம் இருந்தாள். பஸ் ஆலப்பாக்கத்தைத் தாண்டியது. மகளின் எட்டு வருஷத்தை இரண்டு நிமிஷத்தில் கெடுத்துவிட்டோம் என்பது சுப்பராயலுவுக்கு ஒளிவுமறைவில்லாமல் தெரிந்தது. அதைவிட, அவள் திட்டாமல் இருப்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"மொதல்லயே சொல்லியிருக்கலாமே கண்ணு" என்றார் கடைசியில்.

"எப்பிடிப்பா சொல்றது? ஜட்ஜு அங்கதான உக்காந்திருந்தாங்க."

"ஆமா."

"அந்த எடத்துல கால மாத்தியிருந்தன்னா விழுந்திருப்பேன். அதான் பழசயே போட்டேன்."

"சரியாத்தான் போட்ட" என்றார். மனசாரத்தான் சொன்னார். "நான் பாக்கல."

"தெரியும்."

நடத்துனர் வந்து சீட்டு கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார். சுப்பராயலு அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அஞ்சம்மா பாத்தாங்க. எங்கிட்டயும் சொன்னாங்க, ரெண்டு தாவலும் ஒன்னுதானேன்னு. அவுங்களுக்கு ரூல் தெரியாதுன்னு நான்தான் கேட்டுக்கல."

சினேகா ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பி அவரைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலத்தான் பார்த்தாள்.

"சரி, அத்தைக்குத் தெரியாது. நான் தலைய ஆட்டுனனே, எனக்குமாப்பா ரூல் தெரியாது?"

விதிப்புத்தகத்தில் எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் சொல்லக்கூடிய மனிதர் மடியில் இருந்த அட்டையைக் கவிழ்த்து வைத்தார். அவள் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.